வலைக்கு முன்னே வந்த தடை

ஆர்க்டிக் பெருங்கடலின் நடுப்பகுதியில் வணிகத்துக்காக எவரும் மீன் பிடித்ததில்லை. காலங்காலமாகப் பனிக்கட்டி அதை மூடியே வைத்திருந்தது. அந்தக் கடலில் மீன் பிடிக்க மாட்டோம் என்று 2018 அக்டோபர் 3 அன்று, கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கா, ரஷ்யா, கனடா, நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, சீனா, ஜப்பான், தென்கொரியா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை அதில் இணைந்தன. தடைக்கு உட்பட்ட பரப்பு சுமார் 28 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைவிடக் கொஞ்சம்தான் சிறியது.

பிடிக்காத மீனுக்கு எதற்குத் தடை? விடை பெரிங் கடலில் இருக்கிறது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரைதான் ஒரு நாட்டின் மீன்பிடி உரிமை செல்லும். அமெரிக்கா, ரஷ்யா இரண்டின் எல்லைகளுக்கும் நடுவே, உளுந்து வடையின் ஓட்டைபோல யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பகுதி அங்கே மிஞ்சியிருக்கிறது. 1980களில் ஜப்பான், தென்கொரியா, போலந்து, சீனா, சோவியத் கப்பல்கள் அங்கே குவிந்து பொல்லாக் மீனை அள்ளின. ஓர் ஆண்டில் பத்து லட்சம் டன்னைத் தாண்டிய பாடு, 1992இல் அதில் மிகச் சிறு பங்காகச் சரிந்தது. பிறகு மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். 1994இல் ஒப்பந்தமும் போட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மீண்டும் வலைவீசும் அளவுக்கு அங்கே மீன் இன்றுவரை பெருகவில்லை.

ஆர்க்டிக்கில் ஆபத்து வேறு வழியாக வந்தது. புவி வெப்பத்தால் பனி உருகி, கோடைக்காலத்தில் நடுக்கடலும் திறக்கத் தொடங்கியது. கப்பல்கள் நுழையுமுன் தடை தேவை என்று 2012இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள்.

அவர்கள் கவலைக்குக் காரணமான உயிர்களில் முக்கியமானது, பெரும்பாலும் ஒரு சாண் நீளமே வளரும் துருவக் காட் மீன். அங்கே கடல்நீரின் வெப்பநிலை மைனஸ் 1.8 டிகிரி வரை இறங்கும். சாதாரண மீனின் இரத்தம் அதற்கு முன்பே உறைந்துவிடும். துருவக் காடின் இரத்தத்திலோ ஒருவகைப் புரதம் இருக்கிறது. நுண்ணிய பனிப்படிகம் உருவானதும் அது போய் ஒட்டிக்கொண்டு, படிகத்தை வளரவிடாமல் தடுக்கிறது. குஞ்சுகள் பனிப்பாளத்தின் அடியிலுள்ள வெடிப்புகளில் பதுங்கி வாழ்கின்றன. பனியின் அடிப்புறத்தில் பாசி வளர்கிறது. பாசியை நுண்ணிய இறால் இன உயிர்கள் தின்கின்றன. அவற்றை இந்த மீன் தின்கிறது. மீனை சீல்களும் திமிங்கிலங்களும், சீலைப் பனிக்கரடியும் உண்கின்றன. இந்த ஒரு மீனை அள்ளிவிட்டால் கரடிவரை பட்டினிதான்.

ஒப்பந்தம் 2021 ஜூன் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. வெறுமனே கதவைப் பூட்டியதோடு அது நிற்கவில்லை. உறுப்பு நாடுகள் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும்; முடிவுகளைப் பகிர வேண்டும்; தலைமுறைகளாக அந்தக் கரைகளில் வாழும் இனுயிட் முதலிய பழங்குடிகளின் அறிவையும் கணக்கில் எடுக்க வேண்டும். வழக்கமாக, கேடு நிரூபணமான பிறகே மீன்பிடிப்பு நிற்கும். இங்கே, கேடு வராது என்று தெரியும்வரை மீன்பிடிப்பு தொடங்காது. கடல் சட்டத்தில் இது பெரிய திருப்பம்.

தடைக்கு ஆயுள் 16 ஆண்டு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாக நீளும். ஆனால் ஒரே ஒரு நாடு மறுத்தாலும் நீளாது. பெருங்கடல்களின் பொதுப்பகுதி முழுமையிலும் உயிரினங்களைக் காப்பதற்கான ஐ.நா. ஒப்பந்தம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருப்பது கூடுதல் பலம். பகை நாடுகளும் ஒரே தாளில் கையெழுத்திட முடியும் என்பதை ஆர்க்டிக் காட்டிவிட்டது. 2037இல் அந்தக் கையெழுத்தை அவை காப்பாற்ற வேண்டும்.