கோயில் நிற்கிறது, அரண்மனை எங்கே?

திட்டம் போட்டுக் கட்டிய தலைநகரம் என்றால் நமக்கு டெல்லியும் சண்டிகரும்தான் ஞாபகம் வருது. பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகப் போனால், சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த கங்கைகொண்ட சோழபுரத்திலேயே இறங்கலாம்.

கங்கைக்கரை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திரன், 1025ஆம் ஆண்டு வாக்கில் தஞ்சாவூரை விட்டு இங்கே புதிய நகரம் அமைத்தான். ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே! அதற்காக வெட்டியதுதான் சோழகங்கம் என்ற பொன்னேரி. அதன் கரை 16 மைல் நீளம் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்கிறது. கோட்டை மதில் போய்விட்டது. ஆனால் பக்கத்துக் கிராமத்தின் பெயர் இன்றும் உட்கோட்டை.

கோயில் 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சிவில் மாணவனான எனக்கு மாளிகைமேடுதான் பெரிசு. கோயிலில் இருந்து சுமார் 2 கிலோமீட்டர். 1980களில் தொல்லியல் துறை தோண்டியபோது அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. மரத்தூண்களைக் கருங்கல் பீடத்தில் நிறுத்தி, மேலே சின்னச் சின்னத் தட்டை ஓடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பதித்திருக்கிறார்கள். மரம் மக்கிப் போச்சு, கருங்கல் கோயில் நின்னுடுச்சு. அந்த ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் அகழ்வைப்பகத்தில் இருக்கின்றன.

கொத்தனாரான என் அப்பாவும் கூட வந்தார். சுவரைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது கையாள் வேலை இல்லடா, மேஸ்திரி நின்னு பார்த்த வேலை" என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

கருங்கல்லும் முழுசாகத் தப்பவில்லை. 1836ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, வெள்ளைக்காரர்கள் கோயில் மதிலை உடைத்துக் கல் எடுத்தார்கள். தடுக்கப் பார்த்த ஊர் ஜனங்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. அணைக்கட்டு நம் ஜனங்களின் வயலுக்குத்தான் என்றாலும், எனக்கு மனசு ஆறவில்லை.

2021ல் மாளிகைமேட்டில் மறுபடி தோண்ட ஆரம்பித்தார்கள். மேலும் சுவர்கள் கிடைத்தன. பெரும்பாலோர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் காலையிலேயே மாளிகைமேட்டுக்குப் போய்விடுங்கள். அங்கே நிழல் குறைவு.