கல் நகரமும் புல்வெளியும்
(மண்ணில் இல்லாத மக்கள் – 6)

சென்ற வாரம் ஷயர் நாட்டு ஹாபிட்டுகளைப் பற்றியும், பிறந்தநாள் கொண்டாடுபவரே பிறருக்குப் பரிசு வழங்கும் அவர்களது வழக்கத்தைப் பற்றியும் பார்த்தோம். ஆக்ஸ்போர்டில் 1925 முதல் 1945 வரை ஆங்கிலோ-சாக்ஸன் பேராசிரியராக விளங்கியவரும் அவர்களைப் படைத்தவருமான டோல்கீன், 1954-55இல் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மகாகாவியத்தில், நேசமும் சத்தியமும் பிணைத்த இரண்டு மானிட சமூகங்களை அருகருகே நிறுத்தியிருக்கிறார். கோண்டோர், ரோஹன் என்ற அவ்விரு நாடுகளும் கடந்த காலத்தை எவ்விதம் பேணின என்பதைக் கவனித்தாலே அவற்றின் சுபாவபேதம் துலங்கிவிடும்.

கோண்டோரின் தலைநகரான மினாஸ் திரித், மலைச்சரிவில் ஏழு அடுக்குகளாக எழுந்த கல் நகரம். அதன் ஏட்டறைகளில், இன்று வாசிக்க வல்லோர் அருகிவிட்ட சுவடிகள் குவிந்து கிடக்கின்றன. உயிருள்ளோரின் இல்லங்களைவிட மாண்டோரின் சமாதிகளைச் சிறப்பாக எழுப்பி, பிள்ளைப்பேற்றைக் காட்டிலும் வம்சாவளியைப் பெரிதாக எண்ணிய பிரபுக்களால் அந்நாடு க்ஷீணித்தது. பட்டுப்போன வெள்ளை மரத்தை அகற்ற மனமின்றி முற்றத்தில் நிற்கவிட்டு, அரியணை வெறுமையாயிருக்க அதன் படிகளின் கீழே ஓர் எளிய ஆசனத்தில் அமர்ந்து, அரசப் பிரதிநிதிகள் தலைமுறை தலைமுறையாக ஆண்டு வந்தார்கள். இந்த விசுவாசம் வணங்கத்தக்கதே. ஆயினும் வரப்போவதை எதிர்கொள்ளும் திராணி அதில் இல்லை.

ரோஹன் மக்களோ குதிரை வளர்ப்போர். நூல் எழுதி வைக்கும் பழக்கமில்லாது, முன்னோர் சரிதத்தைப் பாட்டாகவே காத்து வந்தவர்கள். எடோராஸுக்குச் செல்லும் பாதையின் ஒரு பக்கம் ஏழும் மறுபக்கம் ஒன்பதுமாகப் பதினாறு மன்னர்களின் மண்மேடுகள் இருக்கின்றன. அவற்றின் மீது புல்லும் சிறு வெண்பூக்களும் படர்ந்திருக்க, உயிருள்ளோர் அன்றாடம் அவற்றைக் கடந்து தம் அலுவல்களுக்குப் போகிறார்கள்.

இவ்விரு இயல்புகளும் இரண்டு முதியவர்களிடம் பரீட்சைக்கு வருகின்றன. மகனைப் பறிகொடுத்த துயரம் இருவருக்கும் பொது. கோண்டோரை ஆண்ட டெனதோர் ஞானி. தூரத்தைக் காட்டும் மாயக்கல்லில் பகைவனின் படைபலத்தை இடைவிடாது கண்டு, இனி மீட்சியில்லை என்று முடிவு கட்டி, உயிரோடிருக்கும் இளைய மகன் பாரமிரையும் தன்னோடு சிதையேற்றத் துணிகிறார். ரோஹனின் மன்னர் தியோடனும் துர்ப்போதனையில் மயங்கிச் சோர்ந்து கிடந்தவரே. எனினும் நல்லுரை கேட்டதும் எழுந்து வாளைப் பற்றுகிறார். கோண்டோரின் தூதன் உதவி கோரும் செந்நிற அம்பை நீட்டியதும், வெற்றி நிச்சயமில்லை என்று தெரிந்தும், 6,000 வீரர்களையேனும் அழைத்து வர வாக்களித்துத் தாமே முன்னின்று புறப்படுகிறார்.

இதைக் கொண்டு கல்வியைக் காட்டிலும் கல்லாமையே மேல் என்று ஆசிரியர் தீர்ப்பளித்ததாகக் கொள்வது பெரும் பிழை. பகைவனின் அரக்கப்படையைச் சேர்ந்த ஓர் ஓர்க்கைக்கூடப் பொய் சொல்லிப் பிடிக்க இசையாத பாரமிர், அதே கோண்டோரின் சுவடிகளிலிருந்து விளைந்த உத்தமன். வீரத்தில் குறைவற்ற ரோஹன் மக்கள்தான், வனவாசிகளை மிருகங்களைப் போல் வேட்டையாடிய பழிக்கும் உரியவர்கள். பகைவனால் முற்றுகையிடப்பட்ட மினாஸ் திரித்துக்கு ரோஹன் படை விரைய, மறந்துபோன காட்டுவழி காட்டிய வனவாசிகளின் தலைவன், இனி தன் ஜனங்களை அவ்விதம் வேட்டையாடலாகாது என்பதையே பிரதியுபகாரமாகக் கேட்கிறான். அந்த வேண்டுகோளை வாசிக்கையில் ரோஹனின் கீர்த்தி நம் மனத்தில் தலைகுனிகிறது.

எந்தச் சமூகமும் தன் குறைக்கான மருந்தைத் தன்னிடத்திலேயே முழுமையாக வைத்திருப்பதில்லை என்பதே இந்நூலின் போதனை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோண்டோரின் விரக்தியைப் போக்க ரோஹனின் துணிவு வேண்டியிருந்தது. போர்க்களத்தில் மரணத்தையே நாடிச் சென்ற ரோஹனின் வீராங்கனை எயோவின், ஆரோக்கியசாலையில் பாரமிரின் கருணையால்தான் வாழ்வை விரும்பக் கற்றாள். அவ்விருவரின் விவாகத்தில் இரண்டு பண்பாடுகளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

நெடுங்காலம் பகைமை பாராட்டிய குள்ளர்களும் எல்ஃபுகளும் எவ்வாறு நட்புக்கு வந்தார்கள் என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)