விருந்துக்குத் தடை, அரசருக்கு விடை

1847-இல் பிரான்ஸின் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு ஒரு சிக்கல். 20 பேருக்கு மேல் சங்கமாகச் சேர அரசு அனுமதிக்க வேண்டும். அரசியல் கூட்டம் போட வழியில்லை. ஆனால் காசு கொடுத்துப் பந்தியில் உட்காருவதைக் குற்றம் என்று சொல்ல முடியாதே! சாப்பிட்டு முடித்து, மதுக்கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்வது அந்த நாட்டு வழக்கம். வாழ்த்து ஒரு மணி நேரம் நீண்டால் அது அரசியல் உரை.

அவர்கள் கேட்டது ஒன்றும் பெரிதில்லை. ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டும் ஆண்களுக்கே அன்று ஓட்டு. மூன்றரைக் கோடி மக்களில் சுமார் 2.4 லட்சம் பேர். வரம்பை 100 பிராங்காகக் குறைத்து மேலும் 2 லட்சம் பேரைச் சேர்க்கும் மசோதா, அவ்வாண்டு மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தோற்றது. அரசர் லூயி பிலிப்பும் அமைச்சர் கிசோவும் மசியவில்லை.

ஜூலை 9 அன்று பாரிஸின் ஷாட்டோ ரூஜ் தோட்டத்தில் முதல் பந்தி, சுமார் 1,200 பேருடன். அடுத்த சில மாதங்களில் ஊர் ஊராக ஏறத்தாழ 70 விருந்துகள். சாப்பாடு சொல்லிக்கொள்ளும்படி இல்லை போலிருக்கிறது. ரூவான் நகர விருந்துக்குப் போன எழுத்தாளர் ஃப்ளோபேர், ஆறிப்போன வான்கோழிக்கும் பன்றிக்குட்டிக்கும் முன்னால் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து நொந்துபோனதாகக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

யாருக்கு வாழ்த்து என்பதில்தான் விவகாரமே. முதல் கோப்பை அரசருக்கு என்பது மரபு. பல விருந்துகளில் அவர் பெயரையே எடுக்கவில்லை. அவரைத் திட்டினால் வழக்குப் போடலாம். வாழ்த்தாமல் விட்டதற்கு என்ன செய்வது? லீல் நகரில் மிதவாதத் தலைவர் ஓடிலோன் பாரோ, நடப்பு ஆட்சிமுறைக்கு விசுவாசம் காட்டும் சில சொற்களையாவது வாழ்த்தில் சேர்க்கச் சொன்னார். ஏற்பாட்டாளர்கள் மறுத்ததும் விலகிக்கொண்டார். குடியரசுவாதி லெத்ரூ ரோலன் அங்கே தொழிலாளர்களுக்காகக் கோப்பை உயர்த்தினார். விருந்துக் கட்டணம் பெரும்பாலான தொழிலாளர்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது வேறு விஷயம்.

1848 பிப்ரவரி 22-இல் பாரிஸில் நடக்கவிருந்த விருந்தை அரசு தடை செய்தது. வருவதாகச் சொல்லியிருந்த எம்.பி.க்களில் பெரும்பாலோர் முந்தைய நாளே பின்வாங்கிவிட்டார்கள். இலையில் இடமில்லாத தொழிலாளர்களும் மாணவர்களும்தான் மழையையும் பொருட்படுத்தாமல் மதலேன் சதுக்கத்தில் திரண்டார்கள். மறுநாள் கிசோவின் பதவி போனது. அன்றிரவு கப்புசின் வீதியில் படையினர் சுட்டதில் சுமார் 50 பேர் செத்தனர். சடலங்களை வண்டியில் ஏற்றி, தீப்பந்தங்களோடு தெருத் தெருவாகக் கொண்டுபோனார்கள். விடிவதற்குள் நகரெங்கும் தடுப்பரண்கள்.

24-ஆம் தேதி காலை, அமைச்சரவை அமைக்கச் சொல்லி பாரோவுக்கே அழைப்பு வந்தது. நண்பகல் வாக்கில் அரசர் முடிதுறந்துவிட்டார். மார்ச்சில் 21 வயது நிறைந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது. வாக்காளர் தொகை 90 லட்சத்தைத் தாண்டியது.