செலடன் பீங்கானும் தமிழகக் கடற்கரையும்

செலடன் என்பது பச்சை நிற மெருகு பூசிச் சுட்ட சீனப் பீங்கான் வகையாகும். சீனாவின் செச்சியாங் மாகாணத்தில் உள்ள லோங்சுவான் சூளைகள் இதற்குப் பெயர் பெற்றவை. தெற்கு சொங் (1127–1279), யுவான் (1271–1368) அரசுகளின் காலத்தில் இச்சூளைகள் சிறந்து விளங்கின. இங்கிருந்து ஏற்றுமதியான கலங்களின் உடைந்த ஓடுகள் தமிழகத்திலும் கிடைத்துள்ளன.

பச்சை நிறம் உண்டாகும் முறை

மெருகில் சிறிதளவு இரும்பு ஆக்சைடு இருக்கும். சூளையில் காற்றைக் குறைத்து 1200 பாகை செல்சியசுக்கு மேல் சுடும்போது, அது ஆக்சிசனை ஓரளவு இழந்து பச்சை நிறம் தருகிறது. காற்று மிகுதியாகப் புகுந்தால் கலம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடும்.

அலங்காரம்

செலடனில் வண்ணம் தீட்டுவதைவிடச் செதுக்குதலும் கீறுதலும் அச்சில் அழுத்துதலுமே மிகுதி. பள்ளங்களில் மெருகு தேங்கிக் கரும்பச்சையாகவும், மேடுகளில் மெலிந்து வெளிர்பச்சையாகவும் தெரியும். இதனால் ஒரே நிறத்திலேயே உருவம் எடுத்துக் காட்டப்படுகிறது. தாமரை இதழ், பியோனி மலர், இரட்டை மீன் ஆகியவை வழக்கமான உருவங்கள். நடுவில் வரம்புடன் செதுக்கிய அகன்ற தாமரை இதழ்கள் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மெல்லிய கோடுகளாகக் கீறிய குறுகிய இதழ்கள் பிற்பட்டவை.

தோட்ட இருக்கைகள்

கிண்ணம், தட்டு ஆகியவற்றுடன் தோட்டத்தில் அமர்வதற்கான இருக்கைகளும் செலடனில் செய்யப்பட்டன. மிங் அரசு (1368–1644) காலத்து இருக்கைகள் இன்றும் உள்ளன. இவை முரசு வடிவில், உள்ளே கூடாக இருக்கும். மேலும் கீழும் வரிசையாக அமைந்த குமிழ்கள், முரசின் தோலை இறுக்கும் ஆணிகளைப் போலச் செய்யப்பட்டவை. பக்கங்களில் காசு வடிவத் துளைகள் இடப்படுவதுண்டு. இவ்வடிவம் 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பிறகும் மிகுதியாகச் செய்யப்பட்டதால், வடிவத்தை மட்டும் கொண்டு ஓர் இருக்கையின் பழமையை முடிவு செய்ய இயலாது.

தமிழகச் சான்றுகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள பெரியபட்டினத்தில், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் அகழாய்வு நடத்தியது. 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் அங்கு ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் செலடன் ஓடுகளும் உண்டு. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவ்வாய்வுகளில் முக்கியப் பங்காற்றினர். சோழர் தலைநகரான கங்கைகொண்டசோழபுரத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செல்லும் பாதை கொல்லத்தை அடைகிறது. அங்குத் துறைமுகப் பகுதியைத் தூர்வாரியபோது 2014இல் சீன நாணயங்களும் பீங்கான் ஓடுகளும் வெளிப்பட்டன. மறுமுனையில், சீனத்தின் சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது அங்கிருந்த சிவன் கோயிலைக் குறிப்பிடுகிறது. வணிகம் இருவழியாகவும் நடந்தது என்பதை இவை காட்டுகின்றன.

ஓடுகளின் மதிப்பு

கிடைத்த இடம் தெரியாத முழு இருக்கை, விலை உயர்ந்ததாயினும் வரலாற்றுக்குக் குறைவாகவே உதவும். மண்ணடுக்கோடு பதிவு செய்யப்பட்ட சிறு ஓடு, அந்த அடுக்கின் காலத்தையும் அவ்வூரின் கடல் வணிகத்தையும் அறிய உதவும். ஆகவே, உழும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ பச்சை மெருகு ஓடு தென்பட்டால், நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லாமல், இருந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது நல்லது. இடம் மாறிய ஓடு தன் சான்றில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.