அகலச் சில்லும் அடைமழையும்

சகோதரிகளே, கணவரோ மகனோ ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய சில்லு தேடுகிறாரா? டயரின் பக்கத்தில் உள்ள எண்களை நீங்களும் வாசியுங்கள். 2012இல் வந்த டொயோட்டா 86 கார்கள் பலவற்றில் 215/45 ஆர் 17 என்றிருக்கும். அகலம் 215 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம். றிம் 17 அங்குலம். றிம்மைப் பெரிதாக்கினால் சுவரைக் குறைக்க வேண்டிவரும். பிறகு ஒரு குழியில் விழுந்தாலும் றிம்தான் அடிவாங்கும். அழகுக்காக இந்தச் செலவு வீண் என்பேன்.

பந்தயத் தடத்துக்கான டயர் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். அதன் வெட்டுகள் குறைவு. அடைமழையில் தண்ணீர் விலக வழியின்றி வண்டி மிதந்து வழுக்கும். பிரேக்கை மிதித்தும் நிற்காது. பிள்ளைகளை ஏற்றும் வண்டியென்றால் தெருவுக்கு வேறு செட் கட்டாயம் வேண்டும்.

தயாரிப்புத் திகதியையும் பாருங்கள்: 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். வெட்டு ஆழமாக இருந்தாலும் றப்பர் இறுகியிருக்கும்.