பாயசமும் வேண்டும், பழைய பெல்ட்டும் வேண்டும்

வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், நம் வீடுகளில் பத்து நாள் முன்னதாகவே எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். முறுக்கு ஒரு டின், அதிரசம் ஒரு டின், சாலைக் கடைத்தெருவில் சொல்லி வைத்து வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு கிலோ. வந்திறங்கியவர்கள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் தட்டு நீட்டப்படும். "இளைச்சுப் போயிட்டீங்களே!" என்ற வாசகமும் கூடவே வரும். வந்தவர் எண்பத்தைந்து கிலோ இருந்தாலும் இந்த வாசகத்தில் மாற்றம் கிடையாது.

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு உபசாரம் இரட்டிப்பு. நாஞ்சில் நாட்டுச் சமையலும் தெரியும், மலையாளத்துச் சமையலும் கைவந்துவிட்டது. தீயலும் உண்டு, வற்றல் குழம்பும் உண்டு. அப்பமும் உண்டு, ஆப்பமும் உண்டு. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிறவருக்கு இது பாதி சொந்த ஊர், பாதி வெளிநாட்டுச் சுற்றுலா. பன்னிரண்டு நாளில் இரண்டையும் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. ஆண்டுக்கு ஒருமுறை தங்கையோடு இங்கே வருவார். வந்தால் தங்குவது தம்பானூரில் ஒரு லாட்ஜில்தான். எங்கள் வீடு சின்னது என்பது ஒரு காரணம். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே இருப்பதால் நாகர்கோவிலுக்கு நினைத்தபோது போய் வரலாம் என்பது இன்னொரு காரணம். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். சென்ற தடவை வந்தபோது பெட்டியிலிருந்து முதலில் எடுத்து வைத்தது ஓட்ஸ் பாக்கெட்டுகள். "மச்சான், இந்த தடவை எனக்கு இதுதான்" என்றார். என் மனைவிக்கு முகம் வாடிவிட்டது.

விஷயம் விளையாட்டில்லை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் பரிசோதனையில் அவருக்கு 6.3 வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 தொட்டால் நீரிழிவு. அவருடைய தகப்பனாருக்குச் சர்க்கரையால் கால் விரல்கள் எடுக்கப்பட்டதைக் கூட இருந்து பார்த்தவர் அவர். "ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய் வந்ததும் எடை ஏறுகிறது, ஏறியது இறங்குவதில்லை. போகாமலே இருந்துவிடலாம் போலிருக்கிறது" என்று தங்கை ஃபோனில் சொல்லியிருந்தாள். சாப்பாட்டுக்குப் பயந்து சொந்த பந்தத்தை விட்டுவிடுவதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

சர்க்கரை விஷயத்தில் நாம் வாழும் இந்த மாநிலமும் லேசுப்பட்டதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நீரிழிவு உள்ளவர்கள் நாடு முழுவதுக்குமாக 11.4 சதவீதம்; கேரளத்தில் 25.5 சதவீதம். கோவாவும் புதுச்சேரியும் மட்டுமே இதற்கு மேல். நான்கில் ஒருவர் என்றால், ஒரு பந்தியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். பன்னிரண்டு நாளில் மூன்று கிலோ ஏறிவிட்டது என்று மாப்பிள்ளை ஒவ்வொரு வருஷமும் புலம்புவார். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மூன்று கிலோவுக்கு 23,000-க்கு மேல். அப்படியானால் தினசரி வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே இன்னொரு முழு ஆளின் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டு விருந்திலும் அது நடக்கிற காரியமில்லை. அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். ஊறுகாய், அப்பளம், வற்றல் என்று உப்பு அதிகமானால் உடம்பு நீரைப் பிடித்து வைக்கும். சோறும் மாவும் அதிகமானால் அது ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேரும்போது, ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் நீரையும் கூட்டிக்கொண்டு சேரும். ஊர் திரும்பி வழக்கமான சாப்பாட்டுக்கு வந்தால் இது தானே வடிந்துவிடும்.

வடியாமல் தங்குவது அரைக் கிலோவோ முக்கால் கிலோவோதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 122 பேரை விடுமுறைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்று முதல் மூன்று வாரம் வரை விடுமுறை போனவர்கள் சராசரியாக ஏறியது சுமார் 300 கிராம். ப்பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆறு வாரம் கழித்து நிறுத்தபோதும் அது இறங்கியிருக்கவில்லை. வருஷா வருஷம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டால் பதினைந்து வருஷத்தில் பெல்ட்டில் எத்தனை புதுத் துளை போட வேண்டும்?

சரி, அந்த அரைக் கிலோ எதிலிருந்து வருகிறது? விருந்திலிருந்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மாப்பிள்ளையை முதல் நாள் உட்கார வைத்து, போன வருஷம் ஒரு நாள் முழுவதும் என்னென்ன வாயில் போட்டார் என்று சொல்லச் சொன்னேன். இலைச் சாப்பாட்டைத் தவிர்த்த பட்டியல் இது: காலை பதினொரு மணிக்கு ஒரு பெட்டிக்கடையில் போஞ்சி (நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எலுமிச்சை ஜூஸுக்கு திருவனந்தபுரத்துப் பெயர்), சர்க்கரை போட்டு. நாலு மணிக்கு இரண்டு ஏத்தங்காய் அப்பம், சர்க்கரை போட்ட டீ. டாக்ஸியில் போகும்போதெல்லாம் மடியில் சிப்ஸ் பொட்டலம். ராத்திரி தட்டுக்கடை புரோட்டா நாலு. போன வீடுகளில் எல்லாம் ஆளுக்கொரு லட்டு. இதில் அவருக்குச் சாப்பிட்டதாக நினைவில் நின்றது புரோட்டா மட்டும்தான்.

நூறு கிராம் சிப்ஸில் ஐந்நூறு கலோரிக்கு மேல். எழுபது கிலோ எடையுள்ள ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் ஐம்பது. ஆகவே நூறு கிராம் சிப்ஸைச் செரிக்க தம்பானூரிலிருந்து மியூசியம் வரை நடந்து, திரும்பி வந்து, மறுபடியும் மியூசியம் போக வேண்டும். போஞ்சியில் உப்புப் போடச் சொன்னால் கடைக்காரர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். இளநீர் இன்னும் நல்லது. ஓட்டல்களில் கொண்டு வைக்கும் அந்த இளஞ்சிவப்பு வெந்நீர் இருக்கிறதே, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கலர் தண்ணீரோ என்று தள்ளி வைப்பார்கள். அது பதிமுகம் என்ற மரத்தின் உள்கட்டைச் சீவல் போட்டுக் காய்ச்சியது. அதில் கலோரி என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் இதுதான்: இலைக்குத் தடையில்லை, இடைத்தீனிக்குத் தடை. ஓட்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஆனால் டாக்ஸி வேண்டாம்.

தம்பானூரில் தங்குகிறவருக்கு டாக்ஸி எதற்கு? அது நடப்பதற்கென்றே அமைந்த இடம். 1931-இல் ரயில் பாதை இங்கே வரை நீட்டப்பட்டதிலிருந்து ஊரின் வாசல் இதுதான். ஓவர்பிரிட்ஜ் தாண்டி, பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, கிழக்கே கோட்டை வழியாகப் பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போக ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். கோயிலுக்குள் அந்தப் பெரிய கல் பிராகாரத்தை மூன்று முறை வலம் வந்தால் அதுவே நல்ல நடை. வெறுங்காலில், நிழலில், சாமி பேரைச் சொல்லிக்கொண்டு. விடியற்காலையில் போனால் கூட்டமும் குறைவு. திரும்பும்போது சாலைக் கடைத்தெருவுக்குள் புகுந்து வந்தால் இன்னும் ஒரு கிலோமீட்டர் சேரும். அங்கே பாதிக் கடையில் தமிழ் கேட்கும். பலாப்பழ வாசனையும் மல்லி வாசனையும் நடப்பதே தெரியாமல் இழுத்துக்கொண்டு போகும்.

பசியோடு திரும்பி வந்தால் எதிரே இந்தியன் காபி ஹவுஸ். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்புச் செங்கல் கோபுரமாகச் சுருண்டு ஏறும் அந்தக் கட்டிடத்தை ரயிலிலிருந்து இறங்கிய யாரும் பார்க்காமல் போயிருக்க முடியாது. லாரி பேக்கர் வடிவமைத்தது. இங்கிலாந்தில் பிறந்து, இந்த ஊரையே தன் ஊராக்கிக்கொண்டு, 2007-இல் இங்கேயே காலமானவர். உள்ளே மாடிப்படி கிடையாது. சுற்றிச் சுற்றிச் சாய்வாக ஏறும் ஒரே பாதை. சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டிடத்தோடு கட்டிடமாக. செங்கல் இடைவெளிகள் வழியே காற்றும் வெளிச்சமும். காபி ஹவுஸின் கதையும் சுவையானது. காபி போர்டு தன் கடைகளை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, ஏ. கே. கோபாலன் தூண்டுதலில் அந்த ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கேரளத்தில் முதல் கடை 1958-இல் திருச்சூரில் திறந்தது. விசிறித் தலைப்பாகை வைத்த பணியாளர் கொண்டு வரும் மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பு. முதல் தடவை பார்க்கிற தமிழ்நாட்டுக்காரர் இதென்ன என்று முகம் சுளிப்பார், இரண்டாம் தடவை கேட்டு வாங்குவார்.

மாப்பிள்ளை இங்கே கற்றுக்கொண்டது ஒரு காரியம். அவர் எப்போதும் கீழ்ச் சுற்றில் முதல் மேசையிலேயே உட்கார்ந்துவிடுவார். இந்த முறை மேல் கோடிவரை ஏறிப் போய் உட்கார்ந்தார். ஒரு மசால் தோசை, ஒரு காபி. காபியில் சர்க்கரையைத் தனியாகக் கொண்டு வரச் சொல்லி அரை ஸ்பூன். கட்லெட் வேண்டுமென்றால் இன்னொரு நாள், தோசைக்குப் பதிலாக. அவசரமில்லாமல் ஜாளி வழியாக பஸ் நிலையத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு அரை மணி நேரம். சாப்பிட்டது மனதில் பதிந்தது. அதனால் பதினொரு மணிக்குக் கை எதையும் தேடவில்லை.

மத்தியானம் இலை. இதில் என் மனைவிக்கும் எனக்கும் சிறு விவாதம் நடந்தது. விருந்து இருக்கிறதே என்று காலையில் பட்டினி கிடக்கிற வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பட்டினி கிடந்தவன் இலையில் உட்கார்ந்தால் மூன்றாம் சோற்றில்தான் கண் திறப்பான். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களுக்கு அது ஆபத்தும்கூட. இலையில் எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். காய்கறியும் புரதமும் முதலில், சோறோ ரொட்டியோ கடைசியில் என்று சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று 2015-இல் நியூயார்க் மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். நம் சத்யை பந்தியில் இது தானாக அமைந்திருக்கிறது! அவியல், தோரன், ஓலன், கிச்சடி எல்லாம் முதலில் வந்து இலையில் உட்கார்ந்துவிடும். சோறு பின்னால்தான் வரும். நாம்தான் சோற்றுக்காகக் காத்திருக்கிறோம். மாப்பிள்ளை காத்திருக்காமல் தோரனையும் அவியலையும் முதலில் முடித்தார், இன்னொரு முறையும் கேட்டு வாங்கினார். பிறகு பருப்பும் நெய்யும் விட்டுச் சோறு ஒருமுறை, சாம்பாருக்குக் கொஞ்சம். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார்.

அதற்கப்புறம் போளியும் பால் பாயசமும். திருவனந்தபுரத்துப் பந்திக்கே உரிய இந்த ஜோடியை வேண்டாமென்று சொல்ல வைக்க எனக்கு மனமில்லை, அவருக்கும் இல்லை. ஒரு போளி, அதன் மேல் ஒரு கரண்டி பாயசம், இலையில் பிசைந்து. "அண்ணா, இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்று என் மனைவி குனிந்தபோது அவர் இலையை மடித்துவிட்டார். அவளுக்கு வருத்தம்தான். "போளி மிருது இல்லையா?" என்று என்னிடம் கேட்டாள். மறுநாள் அவர் அதே போளியைப் பற்றி அரை மணி நேரம் பேசியபிறகுதான் சமாதானமானாள்.

சாப்பிட்டதும் கட்டில் இல்லை. பதினைந்து நிமிடம் தெருவில் மெதுவாக நடை. ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும், சுட்ட அப்பளம். கஞ்சி ஏழைச் சாப்பாடு என்று விருந்தாளிக்கு வைக்கக் கூச்சப்படுகிறார்கள். சிங்கப்பூரில் இதற்கு ஏங்குகிறேன் என்றார் மாப்பிள்ளை.

நடையைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கு. இவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் ஆச்சரியம். நம்மவர் உடல்வாகுக்கு, தராசு அசையாவிட்டாலும் நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் வேலை செய்கின்றன.

அதனால் மாப்பிள்ளையைத் தினமும் தராசில் ஏற விடவில்லை. ஏறினால் உப்புத் தண்ணீரைப் பார்த்துப் பயந்து மறுபடி ஓட்ஸுக்கு ஓடுவார். இடுப்புச் சுற்றளவு போதும்; நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அவருக்கு 97. பன்னிரண்டாம் நாளும் 97-தான். பெல்ட் பழைய துளையிலேயே நின்றது. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து நிறுத்தபோது போனபோது இருந்த எடையே இருந்ததாகத் தங்கை சொன்னாள். மூன்று மாதப் பரிசோதனையில் 6.1. சிங்கப்பூரிலும் சாப்பாட்டுக்குப் பின் நடக்கிறாராம்.

கிளம்பும் நாள் சிப்ஸ் வாங்காமல் முடியுமா? அக்கம்பக்கத்துக்கு, ஆபீசுக்கு என்று அது தனிக் கடமை. இரண்டு கிலோ ஒரே பையில் கட்டாமல், நூறு கிராம் வீதம் இருபது பொட்டலமாகக் கட்டித் தரச் சொன்னாள் தங்கை. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினார். பத்தொன்பது பொட்டலத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். பெயர் எழுதாத ஒன்று மட்டும் அவர்கள் வீட்டுக்கு.