அம்மாவிடம் பேச வாரம் ஒரு நாள்... காதல், சினிமாவுக்கு 'நோ'! மார்மன் இளைஞர்களின் 2 வருட மிஷனரி வாழ்க்கை

சால்ட் லேக் சிட்டி: வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்பு நிற பெயர்ப் பட்டை, கையில் ஒரு புத்தகம். அமெரிக்கா, ஐரோப்பா, தென் அமெரிக்கா என எங்கு போனாலும், தெருவில் இப்படி 'டிப்-டாப்' உடையில் ஜோடியாக நடந்து போகும் இளைஞர்களைப் பார்க்கலாம். இவர்கள்தான் மார்மன் மிஷனரிகள்.

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830ல் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது. 'மார்மன்' என்பது ஊர் வைத்த பெயர். அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம், முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018ல் சபைத் தலைமை கேட்டுக் கொண்டது. ஆனாலும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது!

இந்தச் சபையில் பையன்கள் 18 வயதானதும் 2 வருடம் மிஷனரி வேலைக்குப் போவது கடமையாகக் கருதப்படுகிறது. பெண்களுக்குக் கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டால் ஒன்றரை வருடம் போகலாம். 2012 வரை பையன்களுக்கு 19, பெண்களுக்கு 21 என்று வயது வரம்பு இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அது 18, 19 ஆகக் குறைக்கப்பட்டது. 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆக்கிவிட்டார்கள். 2024 முடிவில் உலகம் முழுவதும் 74 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முழுநேர மிஷனரிகளாக இருந்தனர்.

சம்பளம் கிடையாது. பணம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்! அமெரிக்க மிஷனரிகளுக்கு மாதம் 400 டாலர் என்று இருந்தது, 2020 ஜூலையில் 500 டாலர் ஆனது. ஜப்பானுக்குப் போனாலும் பெருவுக்குப் போனாலும் ஒரே தொகைதான். சிறு வயதிலிருந்தே இதற்காக உண்டியலில் காசு சேர்க்கும் பிள்ளைகள் உண்டு.

எந்த நாடு, என்ன மொழி என்பதைத் தேர்வு செய்யும் உரிமை இவர்களுக்கு இல்லை. சபைத் தலைமைதான் முடிவு செய்யும். முன்பெல்லாம் இது ஒரு வெள்ளைக் கவரில் தபாலில் வரும். சொந்தபந்தம், நண்பர்கள் என வீடு நிறைய கூட்டம் கூடியிருக்க, கவரைப் பிரித்துப் படிப்பார்கள். ப்ளஸ் டூ ரிசல்ட் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். இப்போது ஆன்லைனில் வருகிறது.

பிறகு பயிற்சி. யூட்டாவின் ப்ரோவோ நகரில் உள்ள மையம்தான் இதில் பெரியது. புது மொழி கற்பவர்களுக்குச் சில வாரங்கள் அதிகம். அதற்குள் ஒரு மொழியை எவ்வளவு கற்க முடியும்? தட்டுத் தடுமாறிப் பேசும் நிலையிலேயே ஊருக்கு அனுப்பி விடுகிறார்கள். மீதியைத் தெருவில்தான் கற்க வேண்டும்.

காலை 6.30க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, ஜெபம், காலை உணவு, வேதப் படிப்பு என்று போய், 10 மணி வாக்கில் வெளியே கிளம்ப வேண்டும். இரவு 9 மணிக்கு அறைக்குத் திரும்பி, 10.30க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். 2017ல் இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். என்றாலும் கறார் போகவில்லை. காதல் கூடாது. டி.வி., சினிமா கூடாது. நீச்சல்கூடக் கூடாது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது 'கூட்டாளி' விஷயம். பாத்ரூம் தவிர வேறு எங்கும் தனியாகப் போகக் கூடாது. ஜோடியாகவே தூங்கி எழுந்து, ஜோடியாகவே சமைத்துச் சாப்பிட வேண்டும். யார் ஜோடி என்பதும் இவர்கள் கையில் இல்லை. பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, 6 வாரத்துக்கு ஒரு முறை வரும் இடமாற்றம் வரை பல்லைக் கடித்துக் கொண்டு இருக்க வேண்டியதுதான். பேர் சொல்லியும் கூப்பிடக் கூடாது. பையன் என்றால் 'மூப்பர்', பெண் என்றால் 'சகோதரி', கூடவே குடும்பப் பெயர். மீசை சரியாக முளைக்காத பையனுக்கு மூப்பர் பட்டம்!

என்ன சொல்லித் தருகிறார்கள்? 1820ல் நியூயார்க் மாகாணத்தில் 14 வயது ஜோசப் ஸ்மித் ஒரு தோப்பில் ஜெபம் செய்தபோது கடவுளின் தரிசனம் கிடைத்தது என்பது முதல் பாடத்திலேயே வந்துவிடும். மார்மன் புத்தகத்தைக் கொடுத்து, 'நீங்களே படித்து, ஜெபம் செய்து பாருங்கள்' என்பார்கள். ஒரு காலத்தில் பாடங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். 2004ல் வந்த புதிய கையேடு, கேட்பவரின் நிலையறிந்து சொந்த வார்த்தையில் பேசச் சொன்னது.

கடைசிப் பாடங்கள்தான் சிக்கல். மது, புகையிலை மட்டுமல்ல, டீ, காபியும் விட வேண்டும். வருமானத்தில் 10 சதவீதம் சபைக்குத் தர வேண்டும். அதுவரை தலையாட்டியவர்கள் நழுவுவது இங்கேதான்.

அதனால் பெரும்பாலான நாட்களில் கிடைப்பது மூடிய கதவுதான். பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி, 1966 முதல் 1968 வரை பிரான்சில் இந்த வேலைதான் பார்த்தார். ஒயின் இல்லாமல் சாப்பாடே இறங்காத ஊரில் மதுவை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? 1968 ஜூனில் அவர் ஓட்டிய கார் மீது இன்னொரு கார் மோதியதில், உடன் வந்த மிஷன் தலைவரின் மனைவி இறந்து போனார். ராம்னியும் இறந்து விட்டதாகவே போலீஸ்காரர் முதலில் எழுதி விட்டார்.

வீட்டு நினைப்புதான் பலரை உருக்கி விடுகிறது. 2019 பிப்ரவரி வரை வீட்டுக்குப் போன் பேச வருடத்துக்கு இரண்டே நாள்தான் அனுமதி. கிறிஸ்துமஸ் ஒன்று, அன்னையர் தினம் ஒன்று. மற்ற நாளெல்லாம் கடிதம், இ-மெயில்தான். பாட்டி இறந்தால்கூட பெரும்பாலானோர் ஊர் திரும்ப மாட்டார்கள். இப்போது துணி துவைக்க, கடைக்குப் போக என்று விடும் வாராந்திர ஓய்வு நாளில், போனிலோ வீடியோவிலோ வீட்டோடு பேசலாம்.

மனசு சரியில்லாமலோ உடம்புக்கு முடியாமலோ பாதியில் திரும்புபவர்களின் நிலைமை பாவம். விமான நிலையத்தில் பலூனும் பேனருமாக வரவேற்பு கிடைக்கும் ஊரில், முன்கூட்டியே வந்து இறங்கும் பையனை 'ஏன் வந்தே?' என்று எல்லோரும் பார்ப்பார்கள். மன்னிக்க முடியாத தப்பு எதுவும் செய்யாதவன்கூடத் தலை குனிந்து நடக்க வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்தபடியே உள்ளூர் சேவைப் பணி பார்க்கும் வழியும் இருக்கிறது. 2019 முதல் அதற்கும் இதற்கும் ஒரே விண்ணப்பம்தான்.

சென்னைக்கும் வந்தார்கள்!

நம்ம சென்னைக்கு மார்மன் மிஷனரிகள் 1853லேயே வந்து விட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர், 1852ல் மனைவி, பிள்ளைகளை விட்டுவிட்டு யூட்டாவில் இருந்து கிளம்பி, கல்கத்தா வழியாக மெட்ராஸ் வந்து சேர்ந்தார். இங்கே ஒரு சின்னப் பத்திரிகையைக்கூட அச்சடித்துப் பார்த்தார். ஆள் சேரவில்லை, உடம்பும் கெட்டுப் போனது. ஒரு வருடத்தில் கப்பல் ஏறி, 1855ல்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் காலத்தில் வீட்டுக் கடிதம் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும்.